குழலில் மிஞ்சும் கசடு: பழைய ரைபிள்களுக்கான கருமருந்து வகைகள்

ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக் போன்ற ஒற்றைத் தோட்டா ரைபிள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் உருவானவை; அவற்றை அக்காலத்து முறைப்படியே, பித்தளை உறைக்குள் கருமருந்தை நிரப்பி அதன்மேல் ஈயக்குண்டைப் பொருத்திச் சுடும் போட்டிகள் அந்நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் நடந்துவருகின்றன. 1880களில் புகையற்ற மருந்து வந்தபின் உலகின் படைகள் தம் ரைபிள்களில் கருமருந்தைப் படிப்படியாகக் கைவிட்டன என்றாலும், இப்போட்டிகள் போன்ற தேவைகளுக்காக அது இன்னும் சில ஆலைகளில் தயாராகிறது. அவ்வாலைகளின் சரக்குகளுள் எது சிறந்தது என்ற கேள்வி எழும்போதெல்லாம் எது குண்டை வேகமாகத் தள்ளுகிறது என்றே பலரும் முதலில் பார்க்கின்றனர்; ஆனால் வேகத்தைக் காட்டிலும், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழலுக்குள் எத்தகைய கசடு மிஞ்சுகிறது என்பதே இம்மருந்துகளின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கலவை. வெடியுப்பு எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருகிறது, கரி எரிபொருளாகிறது, கந்தகமோ கலவை எளிதில் தீப்பற்ற உதவுகிறது. இந்த விகிதம் எல்லா ஆலைகளிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒரு சரக்குக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விகிதத்தில் தேடிப் பயனில்லை. கரி எந்த மரத்தினுடையது, கலவை எவ்வளவு நேரம் அரைக்கப்பட்டது, எவ்வளவு இறுக அழுத்தப்பட்டது, துகள்கள் எவ்வளவு கவனமாகச் சலிக்கப்பட்டன என்பவற்றில்தான் அதைத் தேட வேண்டும்.

கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகிறது. 1870களில் ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடெரிக் ஏபெல் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூடிய எஃகுக் கலங்களுக்குள் மருந்தை எரித்துப் பார்த்து, நூற்றுக்கு ஏறத்தாழ 43 பங்கு வாயுவாகவும் 57 பங்கு திடப்பொருளாகவும் மாறுவதாகக் கண்டனர். அமெரிக்கப் படை 1873இல் ஏற்றுக்கொண்ட 45-70 என்னும் தோட்டாவில் 70 கிரெய்ன், அதாவது நாலரை கிராம் மருந்து இருந்தது; ஆகவே ஒருமுறை சுடும்போது இரண்டரை கிராம் அளவுக்குத் திடப்பொருள் உண்டாகிறது, அதில் பெரும்பகுதி வெண்புகையாக வெளியேற, மிச்சம் குழலின் உட்சுவரிலும் அதில் வெட்டப்பட்டுள்ள சுருள்வரிகளிலும் படிகிறது. இப்படிவில் முதன்மையானது பொட்டாசியம் கார்பனேட் என்னும் உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய இது, ஈரப்பதம் மிகுந்த நாளில் மையைப் போல இளகியும், வறண்ட நாளில் ஓடுபோலக் கெட்டியாகியும் காணப்படும். அதனால்தான் கடலோரத்தில் குறையின்றிச் சுட்ட அதே மருந்து நியூ மெக்சிகோவின் வறண்ட மேட்டுநிலத்தில் சுடுபவரைத் திணறடிக்கிறது.

கெட்டியான கசடு முதலில் சேருமிடம் தோட்டா அமரும் அறைக்கு முன்புறமுள்ள, சுருள்வரிகள் தொடங்கும் விளிம்பு. அங்கே ஒரு கரடான வளையம் உருவானால், மென்மையான ஈயக்குண்டு அதைக் கடக்கும்போது ஒருபுறம் சுரண்டப்பட்டுச் சமநிலை இழக்கிறது. குழலின் முனையருகே கசடு காய்ந்தாலோ, குண்டின் வரிப்பள்ளங்களில் பூசியிருக்கும் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு அதுவரை போதாமற்போய் ஈயம் குழலில் ஒட்டத் தொடங்குகிறது. இதைத் தவிர்க்கச் சுடுபவர்கள் ஊதுகுழாயைப் பயன்படுத்துகின்றனர். அடிப்புறம் துளையிடப்பட்ட வெற்றுத் தோட்டா உறையில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகியதே அக்கருவி. சுட்டு முடிந்ததும் அதை அறைக்குள் பொருத்தி, நெஞ்சின் ஆழத்திலிருந்து நிதானமாக நாலைந்து மூச்சு ஊதும்போது, சுவாசத்தின் ஈரம் குழல்நெடுகப் படிந்து கசடு மீண்டும் இளகுகிறது. இத்தனை மூச்சு என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, போட்டி முடியும்வரை அதை மாற்றாமல் இருப்பதே தேர்ந்தவர்களின் வழக்கம்.

சில மருந்துகளின் கசடு இரண்டு மூச்சிலேயே இளகிவிடுகிறது. வேறு சிலவற்றுக்கு எட்டு மூச்சும் போதாது. இந்த வேறுபாட்டில் கரியின் பங்கு பெரிது. அடுப்புக்கரியைப் போல முற்றாகக் கருக்கப்படாமல், மிதமான வெப்பத்தில் சுடப்பட்டு, மரத்தின் எண்ணெய்ப்பசை ஓரளவு உள்ளேயே தங்கிய கரியே மென்மையான கசட்டைத் தரும் என்பது இத்துறையில் ஆழ்ந்தவர்கள் பலரின் கருத்து. பக்தார்ன், ஆல்டர், வில்லோ போன்ற இலேசான மரங்களின் கரி எளிதில் பொடிந்து வெடியுப்போடு நெருங்கிக் கலப்பதால் விரைந்தும் சீராகவும் எரிகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஓபோன் ஊரில் 1853 முதல் இயங்கிவரும் ஆலை ‘ஸ்விஸ்’ என்ற பெயரில் விற்கும் மருந்து பக்தார்ன் கரியைக் கொண்டு செய்யப்படுவது; நெடுந்தொலைவுப் போட்டிகளில் அது பெற்றுள்ள முதன்மைக்கு இக்கரியே அடிப்படை எனலாம். இம்மருந்து இறுக அழுத்திச் செய்யப்படுவதால், ஒரே அளவைக் கரண்டியில் அள்ளினாலும் மற்றவற்றைவிட எடை கூடுதலாகவும், ஒரே எடைக்கு வேகம் மிகுதியாகவும் இருக்கும். கண்ணால் பார்த்தாலே துகள்கள் ஒரே அளவாகவும் பளபளப்பாகவும் இருப்பதும், டப்பாவின் அடியில் தூசு அதிகம் தங்காததும் தெரியும்.

துகளின் அளவை எஃப் என்ற எழுத்தின் எண்ணிக்கையால் குறிப்பது மரபு. ஓர் எஃப் என்றால் 1.2 முதல் 1.7 மில்லிமீட்டர் வரையிலான பெரிய துகள், இரண்டு எஃப் என்றால் அதில் ஏறத்தாழ பாதி, மூன்று எஃப் இன்னும் பொடி; துகள் பொடியாகப் பொடியாக எரிதல் விரைந்து அழுத்தம் உயரும். ஸ்விஸ் ஆலை ஓர் எஃப்புக்கும் இரண்டு எஃப்புக்கும் இடைப்பட்டதாக ஒன்றரை எஃப் என்றொரு வகையைத் தருகிறது. பெரிய தோட்டாக்களுக்கு மிகப் பொருத்தமானதாகப் பலரும் கருதும் அளவு இதுவே.

அமெரிக்கர்களுக்கு நெடுங்காலம் பழகிய மருந்து கோயெக்ஸ். எ. இ. து பான் 1802இல் டெலவேரின் பிராண்டிவைன் ஓடைக்கரையில் தொடங்கிய தொழிலின் நேர் வாரிசு இது. அந்நிறுவனத்தின் பென்சில்வேனியா ஆலை 1970களின் தொடக்கத்தில் கைமாறி இப்பெயரைப் பெற்று, பின்னர் லூசியானா மாநிலத்தின் மிண்டனுக்கு இடம்பெயர்ந்தது. மேப்பிள் கரியால் ஆன கோயெக்ஸ், ஸ்விஸ்ஸைவிட வேகத்தில் சற்றுக் குறைந்தது. அதன் கசடும் வறண்ட வானிலையில் விரைவில் கெட்டியாகும். ஆயினும் அதை உறைக்குள் நன்றாக அழுத்தி நிரப்பினால் துல்லியம் தெளிவாகக் கூடுகிறது. ஸ்விஸ்ஸோ அவ்வளவு அழுத்தத்தை விரும்புவதில்லை, குண்டு மருந்தைத் தொட்டு அமர்ந்தாலே பெரும்பாலும் போதும். இரண்டையும் ஒரே முறையில் நிரப்பி ஒப்பிடுவது, இரண்டில் ஒன்றுக்கு அநீதி செய்வதாகவே முடியும். ஸ்விஸ்ஸுக்குப் போட்டியாகக் கோயெக்ஸ் பின்னர் வெளியிட்ட ‘ஓல்ட் ஐன்ஸ்ஃபோர்ட்’ என்ற உயர்வகை, வேகத்திலும் கசட்டின் மென்மையிலும் அதற்கு வெகுவாக நெருங்கிவந்தது. ஜெர்மனியின் வானோ ஆலை தயாரிக்கும் ‘ஷூட்சன்’ விலையிலும் தரத்திலும் நடுத்தரமானது, பயிற்சிக்கு ஏற்றது. பிரேசிலின் எலிஃபண்ட், ஸ்லோவேனியாவின் கிக் ஆகியவை ஒரு காலத்தில் சந்தையில் இருந்து மறைந்துவிட்டன.

இன்றைய சரக்குகள் அனைத்தும் ஒப்பிடப்படுவது, 1870களில் இருந்தவற்றோடுதான். இங்கிலாந்தின் கர்ட்டிஸ் அண்ட் ஹார்வி, கனெக்டிகட்டின் ஹாசர்டு, து பான் ஆகிய நிறுவனங்கள் அக்காலத்தில் ரைபிளுக்கென்றே தனிவகை மருந்துகளை விற்றன. அவற்றின் வெடியுப்பு வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. பிகாரின் உவர்மண்ணிலிருந்து நோனியா சமூகத்தார் வடித்தெடுத்த வெடியுப்பே கல்கத்தா வழியாக உலகச் சந்தையை நிறைத்தது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வடமாநில அரசுக்காக வெடியுப்பு வாங்க து பான் நிறுவனத்தின் லாமோ து பான் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். டிரென்ட் என்ற கப்பலைக் குறித்து வடமாநிலங்களோடு எழுந்த பிணக்கால் பிரிட்டன் ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்த, சரக்கு கிடைக்க அவர் பெரும்பாடு படவேண்டியிருந்தது. 

1870களின் அந்த ரைபிள் மருந்துகளின் தரத்துக்கு 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் நடந்த போட்டி சான்றாகும். 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் அயர்லாந்து அணி வாய்வழி நிரப்பும் ரிக்பி ரைபிள்களோடும், அமெரிக்க அணி பின்புறம் நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களோடும் மோத, 934க்கு 931 என்ற புள்ளிக்கணக்கில் அமெரிக்கர் வென்றனர். இன்றைய உருவப்பலகைப் போட்டிகளில் இரும்பில் வெட்டிய கோழி 200 மீட்டரிலும், பன்றி 300 மீட்டரிலும், வான்கோழி 385 மீட்டரிலும், ஆட்டுக்கடா 500 மீட்டரிலும் நிற்கின்றன. குண்டு மெதுவாகச் சென்று வில்லாக வளைந்து விழுவதால், வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மாறினாலும் 500 மீட்டரில் அது படும் உயரம் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் மாறிவிடும்.

ஆகவே முறையான ஒப்பீடு என்பது ஒவ்வொரு மருந்தையும் எடைபோட்டு, நீண்ட குழாய் வழியே மெல்ல ஊற்றித் துகள்களை நெருங்க அடுக்கி, அதனதற்கு உகந்த அழுத்தத்தைத் தனித்தனியே கண்டறிந்து, ஒரே குண்டால், ஒரே எண்ணிக்கை மூச்சோடு சுடுவதாகும். வேகமானி காட்டும் சராசரியைவிட, மிகுந்த வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளியையே குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் குண்டுக்குப் பிறகு ஈரத்துணியைக் குழலில் செலுத்தும்போது அது வழுக்கிச் செல்கிறதா, ஓரிடத்தில் தடைபடுகிறதா என்பதைக் கையால் உணர்ந்து பார்ப்பதும் எந்தக் கருவிக்கும் குறைந்த சோதனையன்று. இச்சோதனையை வெயிலிலும் ஈரநாளிலும் இருமுறை செய்தால்தான் முடிவு நம்பத்தக்கதாகும்.

2021இல் கோயெக்ஸின் மிண்டன் ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தபோது அமெரிக்கச் சுடுநர்கள் கலங்கினர். மறு ஆண்டே, சிறுவர்களின் மாதிரி ராக்கெட்டுகளுக்குக் கருமருந்து எந்திரம் செய்யும் எஸ்டெஸ் குழுமம் அதை வாங்கியது. ஒரே ஆலையில் வந்தாலும் தொகுதிக்குத் தொகுதி கரியும் ஈரப்பதமும் சிறிது மாறக்கூடும் என்பதால், தேர்ந்த போட்டியாளர்கள் ஒரு பருவம் முழுமைக்கும் வேண்டிய மருந்தை ஒரே தொகுதி எண்ணில் வாங்கி வைத்துக்கொள்கின்றனர்; புதிய தொகுதி வந்ததும் அளவுகளை மீண்டும் முதலிலிருந்து சோதிக்கின்றனர்.