கடலோரத்தில் பாடுவது யார்?

யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் ஒரு வெற்றிப் பாட்டு வருகிறது. பார்வோனின் தேர்ப்படை கடலில் மூழ்கிவிட்டது. தப்பி வந்த அடிமைகள் கரையில் நின்று பாடுகிறார்கள். மிரியாம் தம்புரு எடுத்து ஆடுகிறாள். கவனியுங்கள்: இந்தச் சண்டையில் அடிமை ஆயுதம் தொடவில்லை, சண்டை போட்டது கடவுள். ஆயுதமற்றவனின் நீதி வேட்கை இது. குத்தியேரஸ் போன்ற விடுதலை இறையியலாளர்கள் இந்தப் பிரதியைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் பாட்டை முழுசாகப் படிக்க வேண்டும். அதன் பிற்பகுதியில் எகிப்தியன் இல்லை. மோவாபியரும் கானானியரும் நடுங்குகிறார்கள். இவர்கள் யாரையும் அடிமைப்படுத்தியவர்கள் அல்லர். போகிற வழியிலும் போய்ச் சேரும் நிலத்திலும் ஏற்கெனவே குடியிருப்பவர்கள், அவ்வளவுதான். விடுபட்டவனின் குரலும் நிலம் பிடிப்பவனின் குரலும் ஒரே பாட்டில், ஒரே மூச்சில். யோசுவாவின் நூலில் இது ‘சாபத்தீடு’ ஆகிறது: எரிகோவில் ராகாபின் குடும்பம் தவிர ஆண், பெண், குழந்தை, கால்நடை எல்லாம் கடவுள் பெயரால் அழிக்கப்படுகின்றன.

இந்த மொழி இஸ்ரவேலுக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1868இல் திபானில் வெளிச்சத்துக்கு வந்த மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டு (கி.மு. 9ஆம் நூற்றாண்டு), இஸ்ரவேலரின் நேபோ ஊரில் 7000 பேரைக் கொன்று தன் கடவுளுக்கு அர்ப்பணித்ததாக, அதே வினைச்சொல்லைக் கொண்டே பீற்றுகிறது. இஸ்ரவேல் என்றென்றைக்கும் ஒழிந்தது என்றும் சொல்கிறது. அதற்கும் முன்பு, கி.மு. 1208 அளவில், எகிப்தின் மெர்னெப்தா கல்வெட்டும் இஸ்ரவேலின் வித்தே இல்லை என்றது. விவிலியத்துக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலில் தென்படுவதே தோற்றவர் பட்டியலில்தான். ரெண்டுமே பொய். வெற்றிக் கல்வெட்டு அப்படித்தான் பேசும். யோசுவா ஒழித்ததாகச் சொன்ன கானானியர் நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் உயிரோடு ஊர் ஊராக இருக்கிறார்கள். 1952 முதல் 1958 வரை எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யனுக்கும் யோசுவா காலத்து மதில் கிடைக்கவில்லை. பேரரசுகளால் நசுக்கப்பட்ட ஒரு சிறிய மக்கள் கூட்டம் பிற்காலத்தில் எழுதிக்கொண்ட கனவு இது என்றே ஆய்வாளர்கள் பலரும் இன்று வாசிக்கிறார்கள்.

சரி, கனவுதானே என்று விட்டுவிடலாமா?

கிறித்தவம் இதை மூன்று விதமாக எதிர்கொண்டது. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன், இந்தக் கடவுளே வேண்டாம் என்று எபிரேய நூல்கள் முழுவதையும் தூக்கி எறிந்தார். அதற்கான விலை, யூதர்களின் நினைவையே எறிவது. 3ஆம் நூற்றாண்டில் ஓரிஜென், கானானியர் என்போர் நமக்குள் இருக்கும் பாவங்களே என்றார். கிரேக்கத்தில் யோசுவாவுக்கும் இயேசுவுக்கும் ஒரே பெயர் என்பது அவருக்குத் தோதாயிற்று. கொலோசெயர் நிருபமோ ரோமானிய வெற்றி ஊர்வலத்தையே தலைகீழாக்கியது: சிலுவையில் கொல்லப்பட்டவனே வென்றவன், ஊர்வலத்தில் இழுத்துவரப்படுபவை ஆதிக்க சக்திகள்.

இந்த மூன்றாவது வாசிப்பு வலுவானது. ஓரிஜெனுடையதும் ரத்தம் சிந்தாத வாசிப்புதான். ஆனால் அதில் கானானியன் வெறும் உருவகமாகிவிடுகிறான். அவனுக்கு வீடில்லை, பெயரில்லை. அதிகாரம் கைக்கு வந்ததும் உருவகம் மறுபடி உடம்பாகிறது. 1637இல் நியூ இங்கிலாந்தின் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் மக்களின் குடியிருப்பை ஆங்கிலேயர் எரித்தபோது நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். படைத்தலைவர்களில் ஒருவரான ஜான் அண்டர்ஹில் தாவீதின் யுத்தத்தைக் காட்டி அதை நியாயப்படுத்தினார்.

1989இல் ஓசேஜ் இனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர், விடுதலை இறையியலாளர்களிடமே கேட்டார்: யாத்திராகமக் கதையைக் கானானியனின் கண்ணால் படித்தீர்களா? தோழமைக்குள்ளிருந்து வந்த கேள்வி என்பதால்தான் அது குத்துகிறது.

யூத மரபே இதை வேறு விதத்தில் கேட்டிருக்கிறது. என் கைப்படைப்புகள் கடலில் மூழ்கிக்கொண்டிருக்க நீங்கள் பாடுவதா என்று தேவதூதர்களைக் கடவுள் அடக்கியதாகத் தல்மூத் சொல்கிறது. தப்பிவந்த அடிமைகளை அவர் அடக்கவில்லை. பிடியிலிருந்து தப்பியவன் பாடலாம். கரையில் சும்மா நின்று வேடிக்கை பார்த்தவன் பாடக்கூடாது. நேற்றைய அடிமையின் பாட்டை நாளைய எசமான் எடுத்துப் பாடும் இடம் எது? நம் விடுதலைப் பாட்டுகளையும் கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.