சுற்றுலாத் தலங்களில் கண்ணாடிக் கழிவு: நீலகிரியின் காலிப் புட்டித் திட்டமும் சென்னைத் தென்புறநகரும்

ஆய்வுச்சுருக்கம்

கண்ணாடி மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தத்தக்க பொருள். எனினும் சுற்றுலாத் தலங்களில் அது கழிவாகவே எஞ்சுகிறது. இதன் காரணத்தை நீலகிரி மாவட்டக் காலிப் புட்டி திரும்பப் பெறும் திட்டத்தின்வழி விளக்கி, சென்னைத் தென்புறநகருக்கு அது தரும் படிப்பினைகளை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

குறிச்சொற்கள்: கண்ணாடிக் கழிவு, மறுபயன்பாடு, வைப்புத்தொகை, நீலகிரி, தாம்பரம்.

முன்னுரை

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதன் எல்லைக்குள் ஏரிகள் பல உள்ளன. தென்கிழக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடும் கோவளமும் விடுமுறை நாள்களில் மக்கள் திரளும் இடங்கள். ஏரிக்கரையிலும் மணலிலும் உடைந்து கிடக்கும் புட்டி, வெறுங்காலுடன் நடக்கும் மீனவரையும் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரையும் காயப்படுத்தக் கூடியது.

கண்ணாடியின் இயல்பு

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை ஏறத்தாழ 1500 பாகை செல்சியசில் உருக்கிக் கண்ணாடி செய்யப்படுகிறது. உலையில் இடப்படும் பழைய கண்ணாடியின் பங்கு 10 விழுக்காடு கூடினால், ஆற்றல் தேவை ஏறத்தாழ 2.5 முதல் 3 விழுக்காடு வரை குறையும். ஆனால் அது நிறவாரியாகப் பிரிக்கப்பட்டதாகவும் கல், பீங்கான் கலவாததாகவும் இருத்தல் வேண்டும். மணலில் சிதறிய சில்லுகள் இத்தகுதியை இழந்துவிடுகின்றன. முழுப் புட்டியையோ கழுவி மீண்டும் நிரப்பலாம்; உருக்கும் ஆற்றலும் மிச்சமாகும். கோலி சோடாப் புட்டி கடைக்கே திரும்பிய வழக்கம் இம்முறையைச் சார்ந்ததே. எனவே புட்டியை உடைவதற்கு முன் மீட்பதா, பின் மீட்பதா என்பதே அடிப்படை வினா.

நீலகிரியின் அனுபவம்

மலைப்பகுதியில் வீசப்பட்ட மதுப்புட்டிகளின் உடைசில்லுகள் யானை உள்ளிட்ட காட்டுயிர்களின் கால்களைக் கிழிப்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அதன் வழிகாட்டுதலின்படி 2022 மே மாதத்தில் நீலகிரியில் திட்டம் தொடங்கியது. டாஸ்மாக் கடையில் ஒரு புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெறப்பட்டு, காலிப் புட்டியை ஒப்படைக்கும்போது திருப்பித் தரப்படுகிறது. விற்ற புட்டிகளில் பெரும்பகுதி திரும்பியதால், பிற மாவட்டங்களுக்கும் இது படிப்படியாக விரிவாக்கப்பட்டது.

காயலான் கடையில் கண்ணாடிக்குக் கிடைக்கும் விலை சொற்பம். அதன் எடையோ மிகுதி. ஆகவே அதனைப் பொறுக்குவோர் குறைவு. வைப்புத்தொகை இந்நிலையை மாற்றுகிறது. குடித்தவர் வீசிச் சென்றாலும், முழுப் புட்டியைப் பொறுக்கியவர் பத்து ரூபாய் பெறுகிறார். செருமனியிலும் இத்தகைய வைப்புத்தொகை முறை வேரூன்றியுள்ளது.

தென்புறநகருக்கான படிப்பினைகள்

மலைப்பாதைகள் சிலவே, புறநகருக்கோ வழிகள் எண்ணற்றவை. ஓரிடத்தில் வாங்கிய புட்டி வேறிடத்தில் காலியாகிறது. ஆதலால் வாங்கிய கடையில் மட்டுமன்றி, கடற்கரை, ஏரிக்கரை ஆகியவற்றின் அருகிலும் புட்டியைப் பெறும் ஏற்பாடு தேவை. அடுத்து, திரும்பிய புட்டிகளை அடுக்கி வைக்கும் இடமும் பணியாளரும் வேண்டும். இன்றேல் சுமை முழுதும் கடை ஊழியர் மீது விழும். மேலும், மதுவல்லாத பான, ஊறுகாய்ப் புட்டிகள் மதுக்கடைத் திட்டத்திற்குள் அடங்கா. அவற்றுக்கு வீடுதோறும் தரம்பிரித்தலே வழி.

முடிவுரை

கண்ணாடிக் கழிவின் சிக்கல் உருக்குலையில் தொடங்குவதன்று; புட்டி கைவிடப்படும் இடத்தில் தொடங்குவது. அவ்விடத்திலேயே அதற்கொரு விலையை உறுதிசெய்ததே நீலகிரித் திட்டத்தின் வலிமை. உடைந்த சில்லுக்கு அவ்விலை இல்லை என்பதால், மீட்பின் வெற்றி விரைவையே சார்ந்திருக்கிறது.