“அம்மா, அவங்க என்னைப் பத்தியே பேசறாங்க!”

பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்த அந்தப் பெண், சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். “அம்மா, எதிர்வீட்டிலே அவங்க என்னைப் பத்தியே பேசறாங்க!” என்றாள். எதிர்வீடு பூட்டிக் கிடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“அப்போ எனக்கு ஒண்ணும் தோணலை, அக்கா. பரீட்சைப் பயம்னு நினைச்சேன். சூடா பால் குடுத்துப் படுக்கச் சொன்னேன்” என்கிறார் அந்தத் தாய். பெயர் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். “நாளைக்கு அவளுக்கும் ஒரு வாழ்வு இருக்கு இல்லையா?”

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தோழிகளுடன் பேச்சு நின்றது. குளிக்கச் சொன்னால் கோபம். தனியே உட்கார்ந்து சிரிப்பு. ராத்திரி முழுக்க விழிப்பு. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, “இதிலே என்ன கலந்தீங்க?” என்று பெற்ற தாயையே கேட்டாள்.

மாமியார் திருஷ்டி என்றார். பக்கத்து வீட்டில் காற்றுக் கருப்பு என்றார்கள். நாத்தனாரோ, “காலாகாலத்திலே ஒரு கல்யாணத்தைப் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்” என்றார். பெண்ணுக்கு வயது பதினைந்து! தாயத்திலும் மந்திரிப்பிலும் எட்டு மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் சீட்டு எழுதிவிட்டு, அவள் எதிரிலேயே, “வாழ்நாள் பூரா இப்படித்தான், பழகிக்குங்க” என்றாராம்.

“அவ காதிலே கேக்கிற குரல் போதாதா, அக்கா? அதோட அவர் குரலும் சேர்ந்துடுச்சு. வீட்டுக்கு வந்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தா.”

அன்றுதான் அந்தத் தாய் தீர்மானம் செய்தார். மருந்து எழுதத் தெரிந்தவர் மட்டும் போதாது. என் பெண்ணை மனுஷியாகப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும் என்று. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அப்படி ஒரு டாக்டரம்மா கிடைத்தார். பெண்ணைத் தன் அருகில் உட்கார வைத்து அவர் கேட்ட முதல் கேள்வி, “ரொம்பப் பயமா இருக்காம்மா?” என்பது. எட்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. பெண் ஓவென்று அழுதுவிட்டாள்.

இது என்ன நோய்?

தமிழில் இதை மனச்சிதைவு என்கிறார்கள். டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரீனியா என்பார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி ஓர் உடலில் இரண்டு ஆள் இருப்பது அல்ல இது. இல்லாத குரல் நிஜமாகவே கேட்கும். ஆதாரமில்லாத சந்தேகம் அசைக்க முடியாத உண்மையாகத் தோன்றும்.

உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கு. 13 வயதுக்கு முன் வருவது மிக அபூர்வம். பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். பரம்பரையாக வரும் தன்மை, மூளை வளர்ச்சியிலும் அதன் ரசாயனங்களிலும் ஏற்படும் மாறுதல்கள் எனப் பல காரணங்கள் சேர்ந்து வருகிறது. சிறு வயதில் கஞ்சாப் பழக்கம் இந்த ஆபத்தைக் கூட்டும்.

ஒன்றை மட்டும் தாய்மார்கள் மனத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்: நீங்கள் வளர்த்த விதத்தால் வந்த நோய் அல்ல இது. “நான் வேலைக்குப் போனதாலே வந்ததோ, அன்னிக்கு அடிச்சதாலே வந்ததோ” என்று உங்களை நீங்களே வதைத்துக் கொள்ளாதீர்கள்.

குடும்பமும் கூட இருக்கலாம்

மனநல மருத்துவமனை என்றதுமே பூட்டிய அறையும் கம்பிக் கதவும்தான் நம் கண்முன் வருகின்றன. ஆனால், 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்க வைத்தார். நம் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் 1957-ல் தொடங்கிய காலத்திலிருந்தே உறவினரை உடன் தங்க வைத்துச் சிகிச்சை செய்து வருகிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன், இந்த நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்றே 1984-ல் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர், 2021-ல் மறைந்தார்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவத்தையும் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். இன்று, 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ முழுநேரமும் உடன் இருக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் உடன் இருப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். இது நமக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

பேச்சும் ஒரு மருந்து

“குரல் கேக்குதுன்னு சொன்னா முன்னெல்லாம், ‘பேத்தாதே, அங்கே யாரும் இல்லை’ன்னு அதட்டுவேன். டாக்டரம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க” என்கிறார் தாய்.

அவர் கற்றுக் கொண்டது இது: வாதாடாதீர்கள், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “எனக்கு அது கேக்கலைம்மா. ஆனா உனக்குக் கேக்குது, பயமா இருக்குன்னு புரியுது. நான் பக்கத்திலே இருக்கேன்” என்று சொன்னால் போதும்.

ஓயாமல் குறை சொல்லும் வீட்டில், வெறுப்பைக் காட்டும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. கைக்குழந்தை போல் பொத்திப் பொத்தி வைப்பதும் அதே கெடுதல்தான். பூத்தொடுப்பதோ, துணி மடிப்பதோ, அவளால் முடிந்த ஒரு சின்ன வேலையை அவளிடம் விடுங்கள். பேச்சு சுருக்கமாக, குரல் தணிவாக இருக்கட்டும்.

மருந்தின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். தூக்கக் கலக்கம், எடை கூடுதல், கை நடுக்கம், மாதவிலக்கு தள்ளிப் போதல் போன்றவை சிலருக்கு வரும். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். எடையும் ரத்தச் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். “நல்லாயிட்டாளே” என்று நீங்களாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தவறு; நோய் திரும்ப அதுவே வழி.

“செத்துடலாம் போலிருக்கு” என்று குழந்தை சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், தனியே விடாதீர்கள், உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வழி தெரியாமல் தவித்தால் 14416 என்ற எண் இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இந்த இலவச மனநலத் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம்.

தாய்மார்களே, உங்களையும் கவனித்துக் கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கணவரோ மாமியாரோ பொறுப்பேற்கட்டும். மற்ற குழந்தைகளையும் உட்கார வைத்து, “அக்காவுக்கு உடம்பு சரியில்லை, உன்மேலே கோபம் இல்லை” என்று விளக்குங்கள். அவர்களுக்கும் பயம் இருக்கும்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பெண் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதித் தேறிவிட்டாள். இப்போது தையல் வகுப்புக்குப் போகிறாள். நான் போயிருந்தபோது அவளே காபி கொண்டு வந்து வைத்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

“இப்பவும் குரல் வருதாம்மா?” என்று கேட்டேன்.

“எப்பவாவது வரும், ஆன்ட்டி. வந்தா அம்மாகிட்டே போய் உட்கார்ந்துப்பேன். அம்மா திட்ட மாட்டாங்க.”

எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னல் திறந்தே இருந்தது.