கொடுப்பதும் கைவிடுவதும்

வன்னிப் பெருநிலத்துப் பாடசாலைகளிலே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவன், அகராதியின் துணைகொண்டு நீண்ட ஆங்கிலப் பதங்களையும் வசப்படுத்திவிடுகிறான். ஆனால் 'கிவ்' என்றால் கொடுத்தல், 'அப்' என்றால் மேலே என்று ஐயமறக் கற்ற அவனே, 'கிவ் அப்' என்ற தொடரைக் கண்டதும் திகைத்து நிற்கிறான். முயற்சியைத் துறத்தல், பழக்கத்தை ஒழித்தல், தன்வசமிருப்பதைப் பிறர்க்கு விட்டுத்தருதல் என்னும் அதன் அர்த்தங்களுள் எதுவும் அவ்விரு சொற்களிலும் தனித்தனியே இல்லை.

இச்சங்கடம் நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. 1755இல் வெளிவந்த தமது பேரகராதியின் முன்னுரையிலே சாமுவேல் ஜோன்சன், வினையை அடுத்து ஒரு சிறுசொல் நின்று பொருளை மாற்றும் இம்முறையே அந்நியர்க்குப் பெருங்கஷ்டம் விளைப்பது என்று எழுதினார். இத்தகைய தொடர்களுக்குப் 'பிரேசல் வேர்ப்' என்னும் பெயர் பரவியதோ, 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் வெளியிட்ட நூலினாலேயாம்.

தமிழ் மாணவனுக்கு இவ்வியல்பு முற்றும் புதியதன்று. குளத்து நீர் போதாமையால் சிறுபோகத்தைக் கைவிட்டோம் என்று கமக்காரர் உரைக்கும்போது, அங்கே எவருடைய கையையும் நாம் தேடுவதில்லை. வரம்புத் தகராற்றில் அயலவர் ஒருவர் விட்டுக்கொடுத்தார் என்றால், அவர் எதை விட்டார், எதைக் கொடுத்தார் என்று பிரித்துக் கேட்பதுமில்லை. சிறுபோகத்தைக் கைவிடுதற்குக் 'கிவ் அப்' பொருந்தும். வரம்புத் தகராற்றில் பிறர் பிடிவாதத்துக்கு இணங்கிப்போதலுக்குக் 'கிவ் இன்' பொருந்தும். நீரிறைக்கும் இயந்திரம் இயங்காது நின்றுபோதலுக்குக் 'கிவ் அவுட்' பொருந்தும். ஆயினும் பெற்றோரைக் கைவிட்டான் என்னுமிடத்துக் 'கிவ் அப்' பொருந்தாமையால், ஒன்றுக்கொன்று நேரென்று மனனஞ்செய்தல் ஆபத்தாகும்.

பிரயோகத்திலும் நியமங்கள் உள. பெயர்ச்சொல் 'கிவ் அப்' என்னும் தொடரின் நடுவிலோ இறுதியிலோ வரலாம். 'இட்' போன்ற பிரதிப்பெயரோ 'கிவ் இட் அப்' என நடுவிலேதான் நிற்கவேண்டும். அடுத்து வேறொரு வினை வருமாயின் அது, 'கிவ் அப் ஸ்மோக்கிங்' என்பதுபோல, 'இங்' ஈற்றோடு வரும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவிலும் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கப்போகும் பிள்ளைகளுக்கு, பொருளோடு அடுக்கிய பட்டியல்கள் போதா. ஆதலின் ஆசிரியர்கள் ஒவ்வொரு தொடரையும் வயலும் குளமும் வீடும் சார்ந்த வாக்கியங்களிலே வைத்துக் கற்பிப்பாராக. மாணவரும் நாளுக்கொரு தொடரையேனும் தம் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பழகுவாராக.