குரோம்புக் மடிக்கணினியில் தனித்தனிக் கணக்கும் அந்தரங்கப் பாதுகாப்பும்

பட்டா, சிட்டா நகல்களைப் பார்த்தெடுப்பதும், பாங்கு வரவு செலவைச் சரிபார்ப்பதும், பிரதம மந்திரியின் கிஸான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 6,000 மூன்று தவணைகளாக வந்து சேர்கிறதா என்று கவனிப்பதும் இப்பொழுது இணையத்தின் வழியே நடைபெறுவதால், நிலமுடைய குடும்பங்கள் பலவற்றில் மடிக்கணினியானது இரும்புப் பெட்டிக்கு அடுத்த ஸ்தானத்தை அடைந்துவிட்டது. ஆனால் இரும்புப் பெட்டியின் சாவியை எவரிடமும் கொடாத குடியானவர், மடிக்கணினியை மாத்திரம் வீட்டிலுள்ளோர், வேலையாள், விருந்தாளி ஆகிய யாவரும் ஒரே கணக்கில் திறந்து கையாளும்படி விட்டுவிடுகிறார். இவ்வழக்கத்தால் விளையும் தீங்கையும், அதைத் தவிர்க்கும் வகையையும் கிராமத்தார் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

கிராமங்களிலும் இப்பொழுது காணப்படும் குரோம்புக் என்னும் மடிக்கணினி வகை 2011ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இது கூகிள் கணக்கைக்கொண்டு இயங்குவது. கடிதங்கள், படங்கள், தஸ்தாவேஜுகள் முதலியவற்றில் பெரும்பகுதி இயந்திரத்தினுள் தங்காமல், தொலைவிலுள்ள பெரிய கணினி நிலையங்களில் சேமிக்கப்படுகிறது. இதற்கு ‘மேகம்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். வானம் பார்த்த பூமிக்காரருக்கு இப்பெயர் சிறிது ஏமாற்றம் தரக்கூடும். இம்மேகத்தால் ஒரு தூறலும் விழப்போவதில்லை. ஆயினும் இயந்திரம் உடைந்தாலும் மேகத்தில் வைத்தவை கெடுவதில்லை என்பது பெரிய அனுகூலம். கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் 15 ஜிகாபைட். பிரதிகூலம் யாதெனில், ஒருவரது கணக்கு திறந்து கிடந்தால் அவ்வியந்திரத்திலுள்ள பொருள் மட்டுமன்றி, மேகத்திலுள்ள பொருள் அனைத்தும் திறந்து கிடப்பதாகும்.

ஒரு வீட்டில் இரு சகோதரர்கள் பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தவரின் கணக்கிலேயே இருவரும் கணினியை உபயோகிக்கின்றனர். நெல் விலை பார்ப்பதற்காக இளையவர் மூடியைத் திறக்கிறார். கிணற்றுப் பங்கைப்பற்றி மூத்தவர் வக்கீலுக்கு எழுதிய கடிதம் கண்முன் நிற்கிறது. அவர் அதைத் தேடிச் செல்லவில்லை. படித்தபின் மறக்கவும் முடியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சுமுகமாக முடிந்திருக்கவேண்டிய காரியம் கோர்ட்டுக்குப் போவதற்கு அவ்வொரு கடிதமே போதும். இதில் இருவர் மீதும் குற்றமில்லை. கணக்கு ஒன்றாயிருந்ததே குற்றம்.

இத்தகைய சங்கடம் நேராதபடி, குரோம்புக்கில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைத்துக்கொள்ள வசதியுண்டு. பத்தாயத்தில் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவு வைத்ததற்கு இதனை ஒப்பிடலாம். ஒருவர் இயந்திரத்தில் இறக்கி வைத்த கோப்புகள், அவருடைய கடவுச்சொல் இன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு மறைகுறியாக மாற்றி வைக்கப்படுகின்றன. இயந்திரத்தின் உரிமையாளரும் பிறர் அறையினுள் நுழைந்து பார்த்தல் இயலாது. புதியவரைச் சேர்ப்பதற்கு, முதற் திரையின் அடியிலுள்ள ‘நபரைச் சேர்’ என்பதை அழுத்தி, அவருடைய கூகிள் கணக்கைக் கொடுத்தால் போதும். சிறு குழந்தைகளுக்குப் பெற்றோரின் மேற்பார்வைக்குட்பட்ட கணக்கு அமைக்கலாம்.

இவ்விடத்தில் மிகவும் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. புது இயந்திரத்தில் முதன்முதலாக எவருடைய கணக்கு நுழைக்கப்படுகிறதோ, அவரையே இயந்திரம் உரிமையாளராகக் கொள்ளும். விருந்தாளியை அனுமதிப்பதா, இன்னின்னார் மட்டுமே நுழையலாம் என்று வரையறுப்பதா, முதற் திரையில் பெயர்களையும் படங்களையும் காட்டுவதா என்பவற்றையெல்லாம் நிர்ணயிக்கும் அதிகாரம் அவருக்கே உண்டு. விலை கொடுத்து வாங்கியவர் யார் என்பது இயந்திரத்திற்குத் தெரியாது. கடைக்காரரோ, பட்டணத்திலிருந்து வந்த மருமகப்பிள்ளையோ, ‘திறந்து காட்டுகிறேன்’ என்று தம் கணக்கை முதலில் நுழைத்துவிட்டால், பணம் கொடுத்தவர் தம் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் போலாவார். உரிமையைப் பிறருக்கு மாற்றியெழுதும் வழி கிடையாது. இயந்திரம் முழுவதையும் துடைத்துப் புதிதாக்கும் ‘பவர்வாஷ்’ என்னும் முறையைச் செய்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகையால் பெட்டியைப் பிரித்த அன்றே உரிமையாளராக இருக்கவேண்டியவர் அருகிலிருந்து தம் கணக்கை நுழைத்தல் உசிதம். தமக்குக் கூகிள் கணக்கு இல்லையென்றால் முதலில் அதை உண்டாக்கிக்கொள்ளவேண்டுமேயன்றி, பிறர் கணக்கை இரவல் வாங்குதல் கூடாது.

வீட்டுப் பெண்டிருக்குத் தனிக் கணக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். சுய உதவிக் குழுவின் வரவு செலவை எழுதும் மருமகளும், கல்லூரியில் படிக்கும் மகளும், ஆஸ்பத்திரிச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தாயாரும் தத்தம் காரியங்களைத் தத்தம் கணக்கில் வைத்துக்கொள்வதால் குடும்பத் தலைவரின் கௌரவத்திற்கு யாதொரு குறைவுமில்லை. சீதனப் பெட்டியின் சாவி மருமகளின் முந்தானையிலேயே முடிந்திருந்த காலத்திலும் குடும்பங்கள் சீராகவே நடந்தன.

வெளியார் வந்து, ‘ஒரு விண்ணப்பம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கேட்டால் மறுக்க மனம் வராது. அத்தகையோருக்கென்றே விருந்தாளி முறை இருக்கிறது. இது வீட்டின் திண்ணை போன்றது. வழிப்போக்கர் படுத்து எழுந்து போகலாம். உள்ளே இருப்பது அவர் கண்ணில் படாது. அவர் வெளியேறியவுடன் அவர் பார்த்த பக்கங்களின் குறிப்பும், இறக்கிய கோப்புகளும் இயந்திரத்திலிருந்து அழிந்துபோகும். மறைநிலை என்று சொல்லப்படும் மற்றொரு முறையை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அது ஒருவரது கணக்கினுள்ளேயே திறப்பது. பார்த்த பக்கங்களின் குறிப்பு தங்காதெனினும் இறக்கிய கோப்பு அப்படியே தங்கிவிடும். இவ்விரண்டினாலும் இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனிக்கோ, பார்க்கப்படும் தளத்திற்கோ விஷயம் மறைந்துவிடும் என்று எண்ணுதல் தவறு.

தனித்தனிக் கணக்கு அமைத்தபின்பும் அஜாக்கிரதையால் கதவைத் திறந்துபோடுவது இரண்டு வகையில் நேரிடுகிறது. ஒரே சமயத்தில் இருவர் கணக்குகளையும் திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறி உபயோகிக்கலாம். அப்பொழுது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. ஆகவே முழு நம்பிக்கைக்குரியவருடன் மாத்திரமே இவ்வாறு செய்யலாம். அன்றியும், ஒருவர் கணக்கினுள்ளேயே மற்றொருவரின் கூகிள் கணக்கையும் சேர்த்து வைத்தல் சிலரது வழக்கம். அவ்வாறு செய்தால் முன்னவர் கதவைத் திறக்கும்பொழுது பின்னவரது கடிதங்களும் கூடவே திறந்துகொள்ளும்.

பம்புசெட்டைப் பார்க்க எழுந்து போகிறவர், தேடல் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். மூடியைச் சாத்தியவுடன் தானே பூட்டும்படியும் அமைப்புகளில் குறித்து வைக்கலாம். பூட்டைத் திறக்க எண் வைத்துக்கொள்வோர், பிறந்த வருஷத்தையும் டெலிபோன் எண்ணையும் தவிர்க்கவேண்டும். இவற்றை ஊரார் அனைவரும் அறிவர்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஏனைய உத்தியோகஸ்தர்களும் தனியாகக் கவனிக்கவேண்டிய விஷயம் உண்டு. இலாகா கொடுத்த கணக்கு இலாகாவின் நிர்வாகிக்கு உட்பட்டது. அதிலுள்ளவற்றைக் காணவும், விதிகள் விதிக்கவும், கணக்கை நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் இருக்கக்கூடும். ஆதலால் சொந்தக் கடிதங்களை அதில் வைத்தல் நன்றன்று. அதேபோல் குடிகளின் ஆதார் நகலையும் பட்டா நகலையும் சொந்தக் கணக்கில் இறக்கி வைத்தலும் கூடாது. வேலை முடிந்தவுடன் ‘பதிவிறக்கங்கள்’ என்னும் இடத்தைத் திறந்து, மிஞ்சிய நகல்களை நீக்கிவிடுவதை அன்றாட வழக்கமாகக் கொள்ளவேண்டும். ஒரு குடியின் ஆதார் நகல் வேறெவர் கையிலாவது சிக்கினால் அவர் பெயரில் என்னென்ன செய்யப்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வேலையை விட்டுச் சென்ற காரியஸ்தரின் கணக்கை முதற் திரையிலிருந்து நீக்கலாம். அப்பொழுது இயந்திரத்திலிருந்த அவருடைய கோப்புகள் அழியும், மேகத்திலுள்ளவை அழியமாட்டா. ஆகவே பண்ணைக் கணக்கை அவருடைய சொந்தக் கணக்கில் எழுதச் செய்திருந்தால், அவர் போகுமுன் அதன் பிரதியை வாங்கிக்கொள்ளவேண்டும். பண்ணைக்கென்று ஒரு தனிக் கணக்கை ஆதியிலேயே ஏற்படுத்தியிருந்தால் இவ்வில்லங்கம் நேராது.

இயந்திரம் களவு போய்விட்டால் பதற்றமின்றி, கைப்பேசியில் கூகிள் கணக்கைத் திறந்து, ‘உங்கள் சாதனங்கள்’ என்னும் பகுதியில் அவ்வியந்திரத்தைத் தேர்ந்து வெளியேற்றி, கடவுச்சொல்லை உடனே மாற்றவேண்டும். விற்பதாயிருந்தால் பவர்வாஷ் செய்யாமல் ஒருபொழுதும் கைமாற்றலாகாது. உழவு மாட்டை மூக்கணாங்கயிற்றோடு விற்பதுண்டு; கணினியைக் கணக்கோடு விற்பதில்லை. பழைய இயந்திரத்தை வாங்குவோரும் தம் கண்முன்னே பவர்வாஷ் செய்யச் சொல்லிப் பெறவேண்டும். 2021 முதல் வெளிவந்த குரோம்புக்குகளுக்கு, அந்தந்த மாதிரி வெளிவந்த காலத்திலிருந்து 10 ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. அது முடியும் நாளை அமைப்புகளில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப விலை பேசலாம்.