ஓடுகிற கடை விற்பனைக்கு!

'நல்ல ரன்னிங்கில் உள்ள டிபன் சென்டர் உடனடி விற்பனைக்கு. மெயின் ரோடு. நிரந்தர வாடிக்கையாளர்கள். உரிமையாளர் வெளிநாடு செல்வதால் விற்கப்படுகிறது...'

வரி விளம்பரங்களில் இந்த ரகத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. (சொன்னபடி இவர்கள் அத்தனை பேரும் ஃபிளைட் ஏறியிருந்தால், துபாயில் இன்றைக்குத் தடுக்கி விழுந்தால்கூட ஒரு மாஜி டிபன் சென்டர் ஓனர் மேல்தான் விழவேண்டும்!)

கேலி இருக்கட்டும். யோசனை ஒன்றும் மோசமில்லை. சொந்தத் தொழில் என்றாலே நமக்குப் பூஜை போட்டு, ரிப்பன் வெட்டி, புதுசாக ஒன்றை ஆரம்பிப்பதுதான் ஞாபகத்துக்கு வரும். இடம் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, டைல்ஸ் ஒட்டி, போர்டு மாட்டி... திறப்பு விழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஸ்வீட் சாப்பிட்டுவிட்டுப் போன மறுநாளிலிருந்து ஈ ஓட்டவேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளராக வந்துசேர்ந்து வாடகைக்காவது கட்டுப்படியாவதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். ஓடுகிற கடையில் அந்தத் தொல்லை கிடையாது. சாவி கைக்கு வந்த அன்றைக்கே கல்லாவில் காசு விழும்.

அமெரிக்காவில் இதை ஒரு பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூலில் ரிச்சர்ட் ரூபேக், ராய்ஸ் யுட்காஃப் என்ற இரண்டு பேராசிரியர்கள், சின்னத் தொழிலை விலைக்கு வாங்கி முதலாளி ஆவது எப்படி என்று வகுப்பு எடுத்து, 2017-ல் புத்தகமும் போட்டார்கள். பளபளப்பான தொழில் பக்கம் போகாதே, பார்த்தால் கொட்டாவி வருகிற தொழிலாக, அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிற தொழிலாகப் பிடி என்பது அவர்கள் கட்சி. நம் ஊர்க் கணக்கில் மாவு மில், லாண்டரி, வாட்டர் கேன் சப்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, வாங்குகிறோம். எதை?

மேஜை, நாற்காலி, கிரைண்டர் எல்லாம் செகண்ட் ஹாண்டில் பாதி விலைக்குக் கிடைக்கும். 3 லட்சம் பெறாத சாமான்களைக் காட்டி 15 லட்சம் கேட்கிறாரே மனிதர், மீதி 12 லட்சம் எதற்கு? அதற்குத்தான் 'குட்வில்' என்று ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் எல்டன் பிரபு என்ற நீதிபதி 1810-லேயே இதற்கு விளக்கம் சொல்லிவிட்டார்: பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்தைத் தேடி மறுபடி வருவார்கள் என்கிற சாத்தியம். அவ்வளவுதான். 12 லட்சமும் ஒரு 'வருவார்கள்' என்ற நம்பிக்கைக்கு!

அந்த நம்பிக்கை கடையில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. கடைக்குக் கடை அது வேறு வேறு இடத்தில் இருக்கும்.

சில இடத்தில் பெயரில். 1926-ல் பூதூர் வைத்தியநாதையர் ஆரம்பித்த 'ஆனந்த விகடன்' மாதப் பத்திரிகை, பணக் கஷ்டத்தால் 1927 டிசம்பர் இதழ் வெளிவராமல் நின்றுபோனது. விளம்பரத் தொழிலில் இருந்த எஸ்.எஸ்.வாசன் என்ற இருபத்துச் சொச்சம் வயது இளைஞர் அதை 1928-ல் விலைக்குக் கேட்டார். பேசி முடித்த விலை 200 ரூபாய். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 என்று சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். பிற்பாடு கல்கியும் மாலியும் தேவனும் வந்து அந்தப் பெயரை எங்கேயோ கொண்டுபோனது தனிக்கதை.

அமெரிக்காவில் மெக்டொனால்டு சகோதரர்கள் கதை இன்னும் விசேஷம். மில்க் ஷேக் மிஷின் விற்றுக்கொண்டிருந்த ரே கிராக், 1954-ல் கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் இவர்கள் கடைக் கூட்டத்தைப் பார்த்து அசந்துபோய்க் கிளைகள் திறக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். 1961-ல் 27 லட்சம் டாலர் கொடுத்துத் தொழிலையே வாங்கிவிட்டார். சகோதரர்கள் முதல் கடையை மட்டும் தங்களுக்கென்று நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் பெயர் போய்விட்டதே! போர்டை மாற்றி 'தி பிக் எம்' என்று வைத்தார்கள். அதே அடுப்பு, அதே இடம். கிராக் சும்மா இருந்தாரா? பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்டைத் திறந்தார். கொஞ்ச வருஷத்தில் 'பிக் எம்' மூடப்பட்டது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப பெயரை வாங்கினா போதும்!" என்று கிளம்பிவிடாதீர்கள். நம் ஊர் மெஸ்ஸில் பெயரைப் பார்த்தா சாப்பிட வருகிறார்கள்? பாதிப் பேருக்குக் கடையின் பெயரே தெரியாது. "பிள்ளையார் கோயில் பக்கத்துல ஒரு மெஸ் இருக்கே..." என்பார்கள்.

அப்படி ஒரு மெஸ்ஸைத்தான் என் நண்பர் ஒருவர் வாங்கினார், தாம்பரம் பக்கம். ஐம்பது வயதில் கம்பெனியில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வந்த பணத்தை மகள் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, வீட்டுப் பத்திரத்தை வைத்து 15 லட்சம் புரட்டினார்.

"எவ்வளவு நிக்கும் அண்ணாச்சி?"

"செலவெல்லாம் போவ மாசம் அறுபது நிக்கும் தம்பி. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்!

அண்ணாச்சி சொன்ன 60,000 பொய்யில்லை. ஆனால் கல்லாவில் அண்ணாச்சி, அடுப்படியில் அவர் சம்சாரம், சப்ளைக்கு அவர் மகன். மூன்று பேருக்கும் சம்பளம் கிடையாது. நண்பர் அந்த இடங்களுக்கு ஆள் போட்டார். கல்லாவுக்கு 18,000, சமையலுக்கு 15,000, சப்ளைக்கு 12,000. ஆக 45,000. மிச்சம் 15,000. வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கிய 15 லட்சத்துக்கு 12 சதவிகிதம் வட்டி, மாதம்... அதே 15,000! அசலைக் கட்ட அஞ்சு காசு கிடையாது. அண்ணாச்சி அத்தனை வருஷமும் எடுத்துக்கொண்டிருந்தது லாபம் இல்லை, மூன்று பேர் சம்பளம்.

போதாதற்கு இரண்டாவது மாசமே சாம்பார் ருசி மாறிவிட்டது. அங்கே வாடிக்கை முழுக்க அந்த அம்மாளின் கையில் இருந்திருக்கிறது. அதை யாரும் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டு ஜெயித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்களை வாங்கிய குஜராத்திகள். 1972-ல் இடி அமீன் உகாண்டாவைவிட்டு ஆசியர்களை விரட்டியபோது அங்கிருந்து போனவர்களும் இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நொடித்துக் கிடந்த மோட்டலாகப் பார்த்து வாங்குவது. அதிலேயே ஒரு ரூமில் குடித்தனம். வீட்டு வாடகை மிச்சம். மனைவி படுக்கை விரிக்க, பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்ததும் கவுன்ட்டரில் உட்கார, சம்பளச் செலவும் மிச்சம். வெள்ளைக்காரருக்குக் கட்டுப்படியாகாத அதே மோட்டல் படேலுக்குக் கட்டுப்படியானது இப்படித்தான். இன்றைக்கு அந்த நாட்டு ஹோட்டல்களில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினர் கையில். ஆகவே, விற்பவர் வீட்டில் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று எண்ணும்போதே, நம் வீட்டில் எத்தனை பேர் தயார் என்பதையும் எண்ணிவிடவேண்டும். (மனைவியிடம் முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம்!)

விலைக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால்... அமெரிக்காவில் சின்னக் கடைகள், ஓனர் கைக்கு வருஷத்தில் நிற்கிற தொகையைப்போல் இரண்டு மூன்று மடங்குக்குப் பொதுவாகக் கைமாறுகின்றன. அண்ணாச்சி 15 லட்சம் என்றது அந்தக் கணக்குக்கு உள்ளேதான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். விலை சரி, வாங்கிய ஆள்தான் வேறு!

வரவு செலவு நோட்டைக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதோடு பால்காரரிடம் தினம் எத்தனை லிட்டர் போடுகிறார் என்று விசாரிப்பது மேல். கேஸ் ஏஜென்ஸியில் மாதம் எத்தனை சிலிண்டர், வாழை இலைக்காரரிடம் எத்தனை கட்டு... இப்போது பாதி வியாபாரம் ஜி-பேயில் நடக்கிறது. பாங்க் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டால் தேதி வாரியாக வந்துவிடும். "அதெல்லாம் எதுக்கு தம்பி, நம்பிக்கைதான் முக்கியம்" என்று பேச்சு வந்தால், எழுந்து செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

வாடிக்கை, இடத்தில் ஒட்டியிருக்கிற கடைகளும் உண்டு. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையை யார் நடத்தினாலும் ஓடும். ஆனால் இடம் கடைக்காரருடையதா என்ன? கட்டிடக்காரருடையது! தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, கட்டிடக்காரரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வாடகை உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. விற்பவரிடம் 12 லட்சத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் போய்க் கட்டிடக்காரர் முன்னால் நின்றால், அவர் வாடகையை இரட்டிப்பாகச் சொல்வார். முதலில் அவரைப் பார்த்து, உங்கள் பெயரில் புது அக்ரிமென்ட் போட்டுக்கொண்ட பிறகுதான் குட்வில் பேச்சே.

ஜி.எஸ்.டி. விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தொழிலை மொத்தமாக வாங்கினால், விற்றவர் அதுவரை கட்டாமல் வைத்த வரி பாக்கிக்கு அவரோடு சேர்ந்து வாங்கியவரும் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் 85-வது பிரிவு சொல்கிறது. அவர் நிஜமாகவே துபாய் போய்விட்டால் ஆபீஸர் யாரைத் தேடி வருவார்? மளிகைக் கடை பாக்கி, ஆட்கள் வாங்கிய முன்பணம், லைசென்ஸ் யார் பெயரில் என்பதையெல்லாம் ஒரு ஆடிட்டரை வைத்துத் துருவிவிடவேண்டும். அவர் ஃபீஸுக்குக் கணக்குப் பார்த்தால் கதை கந்தல்!

விற்றவரே எதிர்ச்சாரியில் புதுக் கடை போட்டுவிட்டால்? சாதாரணமாக 'இந்தத் தொழிலைச் செய்யமாட்டேன்' என்று எழுதி வாங்கினால் நம் நாட்டில் அது செல்லாது. ஆனால் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். குட்வில்லை விற்றவர், இன்ன எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லை நியாயமாக இருந்தால் செல்லும். நண்பர் இதையும் எழுதி வாங்கவில்லை. அண்ணாச்சி நல்ல மனுஷர், ஊருக்கே போய்விட்டார்.

இப்போது நண்பரும் அவர் மனைவியும் விடியற்காலை நாலு மணிக்கு மெஸ்ஸில் நிற்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தியாயிற்று. காலை இட்லி, ராத்திரி தோசை மட்டும். அவர் மனைவியின் சட்னிக்கென்று ஒரு கூட்டம் சேர ஆரம்பித்திருக்கிறது. கடனில் இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

மதுரைப் பக்கம் ஒரு அம்மாள் மாவு மில் வாங்கிய விதத்தையும் சொல்லவேண்டும். தையல் மிஷின் வைத்திருந்தவர். மில்காரருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் பெங்களூரில். அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தைக் கேட்கவே இல்லை. "அய்யா, ஒரு வருஷத்துக் கரண்ட் பில்லு மட்டும் குடுங்க" என்றாராம். மோட்டார் ஓடினால்தானே யூனிட் ஏறும்? எந்த மாதம் எவ்வளவு அரைத்தார்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் ஒரு மாதம் மில் பெஞ்சில் உட்கார்ந்தார். வாடிக்கை எங்கே இருக்கிறது என்று அங்கேதான் பிடிபட்டது. மிஷினில் இல்லை, பெரியவர் மண்டைக்குள்! எந்த வீட்டுக்கு இடியாப்ப மாவு நைஸாக வேண்டும், எந்த வீட்டுக்குக் கோதுமை சற்றுக் கொரகொரப்பாக வேண்டும், மிளகாய் அரைத்த பிறகு எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அத்தனையும் அத்துபடி. அம்மாள் வீட்டுக்கு வீடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பேரம் பேசியதும் சாமர்த்தியம்தான். மூன்றில் இரண்டு பங்கு கையில், மீதியைப் பத்து மாதத் தவணையில், மில் வருமானத்திலிருந்து. பெரியவர் முதலில் முணுமுணுத்தார். ஆனால் மீதிப் பணம் மில்லுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்போது மில்லை விட்டுவிட்டா போவார்? பத்து மாதமும் தினம் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இனிமே இந்தத் தாயிதான் முதலாளி" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தார். போர்டைக்கூட அம்மாள் மாற்றவில்லை.

தவணை முடிந்து வருஷம் இரண்டாகிறது. பெரியவர் இப்போதும் வாரம் ஒருமுறை வருகிறார், கோதுமைத் தூக்கோடு. காசு கொடுத்துத்தான் அரைத்துக்கொள்கிறார். மாவை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கல்லு தேஞ்சிருக்கு தாயி, கொத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகிறாராம்.