உதடு தைத்தாச்சு, பல்லைப் பார்த்தீர்களா?



உதடு பிளந்து பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதில்தான், "ஐயா, ஒரு பல்லையே காணோமே!" என்று ஒரு தாய் வருவார். "பல்லுக்குப் பின்னாலே இன்னொரு பல் முளைக்குதுங்க" என்பார் மற்றொருவர். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்.

கருவில் 6, 7 வாரத்திலேயே மேலுதடு ஒன்றுசேர்ந்துவிடும். அண்ணம் மூடி முடிய 12 வாரம் வரை ஆகும். பல்லின் மொட்டுகள் உண்டாகத் தொடங்குவதும் இதே சமயம்தான். பிளவு ஈறு வரை போனால், நடுவிலிருந்து எண்ணும்போது 2வது பல் வரவேண்டிய இடத்தில்தான் பெரும்பாலும் போகும். அந்த மொட்டு வளராவிட்டால் பல் இல்லை. மொட்டு இரண்டாகப் பிரிந்தால் ஒன்றுக்கு இரண்டு முளைக்கும். சிலருக்கு ஆணி மாதிரி ஒல்லியாக வரும். பிளவுக்கு அப்பால், கடைவாய்ப் பக்கத்திலும் ஒரு பல் குறையலாம்.

"கிரகணத்தன்று கத்தியைத் தொட்டாள், அதான் இப்படி" என்று பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பரம்பரையோடு வேறு பல காரணங்களும் சேர்ந்து வருவது இது.

அதிகப்பல்லை நூல் கட்டி இழுக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் ஈறுக்குள்ளே எந்தப் பல் இருக்கிறது, எது இல்லை என்று தெரியும். சில சமயம் அந்த அதிகப்பல்லே, இல்லாத பல்லின் இடத்தில் நின்று உதவும். எடுப்பதா வைப்பதா என்பதைப் பல் டாக்டர் சொல்லட்டும்.

முக்கியமான விஷயம் வயது. பிளவு உள்ள ஈற்றில் எலும்பு இருக்காது. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பார்கள். பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்குவதற்கு முன்னே இதைச் செய்வது நல்லது. அப்போதுதான் கோரைப்பல்லுக்குப் பிடிமானம் கிடைக்கும். தாமதமானால் செய்யவே முடியாது என்றில்லை. ஆனால் பலன் குறையும். அதன் பிறகு கம்பி கட்டிப் பல்லை வரிசைப்படுத்துவார்கள். இடைவெளி மிஞ்சினால், வளர்ச்சி முடிந்தபின் நிலையான செயற்கைப்பல் வைக்கலாம்.

கோணல் பல்லின் இடுக்கில் சோறு தங்கிச் சீக்கிரம் சொத்தையாகும். பல் சொத்தையாக இருந்தால் ஆபரேஷனும் தள்ளிப்போகும். ஆகவே காலையும் இரவும் பெற்றோரே பக்கத்தில் நின்று துலக்கிவிடுங்கள். தைத்த இடம் என்று பயந்து விட்டுவிடாதீர்கள்.

பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசும் பிள்ளைகளும் உண்டு. வீட்டிலாவது யாரும் பட்டப்பெயர் வைக்காதீர்கள்.

ஒரு நாள் சம்பளம் போகுதே என்று ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். சம்பளத்தை அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். போன வயது திரும்பாது. பிள்ளைக்கு 7 வயது ஆகிவிட்டதா? தைத்த ஆஸ்பத்திரியின் கார்டை எடுத்துக்கொண்டு இந்த மாதமே அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போங்கள்.